ஒன்றுகூட மிச்சமில்லாத நீராவி எஞ்சினை மறுபடி ஓட வைக்க முடியுமா? பழைய வரைபடமும் 3டி மாடலும் சொல்லும் கதை

உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. மியூசியத்தில் இல்லை, ஷெட்டில் இல்லை, துருப்பிடித்த நிலையில்கூட எங்கேயும் கிடக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு ரயில் எஞ்சினை, வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். பிரிட்டனில் ஒருமுறை செய்து காட்டிவிட்டார்கள். இப்போது அதே குழு இரண்டாவதாக ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறது. ஆனால், இந்த இரண்டாவது எஞ்சின் கொஞ்சம் விவகாரமானது. ஏனென்றால், அந்தக் காலத்திலேயே அதற்கு 'சரிப்பட்டு வராது' என்று முத்திரை குத்தி மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

சரி, சரிப்பட்டு வராத எஞ்சினை எதற்காகத் திரும்பச் செய்ய வேண்டும்? பழைய வரைபடத்தில் இருப்பதை அப்படியே செய்தால் பழைய கோளாறும் திரும்ப வராதா? கம்ப்யூட்டர் இதில் என்ன செய்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 'டொர்னேடோ' கதை

1948, 1949 ஆண்டுகளில் பிரிட்டனில் 'ஏ1' என்ற வகையில் 49 எஞ்சின்கள் தயாரிக்கப்பட்டன. வடிவமைத்தவர் ஆர்தர் பெப்பர்கார்ன். அடுத்த சில ஆண்டுகளிலேயே டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. 1966-க்குள் 49-ம் காலி. ஒன்றைக்கூடப் பாதுகாத்து வைக்கவில்லை.

1990-ல் ரயில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். 'ஏ1 ஸ்டீம் லோகோமோட்டிவ் டிரஸ்ட்' என்று பெயர். ஐம்பதாவது ஏ1 எஞ்சினை நாமே கட்டுவோம் என்பதுதான் திட்டம். பணத்துக்கு என்ன வழி? வாரத்துக்கு ஒரு பைண்ட் பீர் விலையைக் கொடுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால், பணம் வந்தது.

18 ஆண்டுகள் ஆனது. சுமார் 30 லட்சம் பவுண்ட் செலவானது. 2008 ஆகஸ்டில் 'டொர்னேடோ' சொந்த நீராவியில் நகர்ந்தது. அதன் எண் 60163. பழைய வரிசையின் கடைசி எண் 60162. அதாவது, 'இது நகல் இல்லை, வரிசையில் அடுத்தது' என்று எண்ணிலேயே சொல்லிவிட்டார்கள். 2017 ஏப்ரலில் நடந்த ஒரு சோதனை ஓட்டத்தில் மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

காகிதத்தில் என்ன இருக்கும்?

டொர்னேடோவுக்கு விதை, யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே மியூசியத்தில் இருந்த பழைய வரைபடங்கள். எஞ்சின்கள் போய்விட்டாலும், பணிமனையில் போட்ட படங்கள் அங்கே பத்திரமாக இருந்தன.

ஓர் எஞ்சினுக்கு ஒரு படம் என்று நினைத்துவிட வேண்டாம். முழு எஞ்சினையும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் வெட்டிக் காட்டும் பெரிய படம் ஒன்று இருக்கும். அதன் கீழ் சிலிண்டருக்குத் தனி, சக்கரத்துக்குத் தனி, ஒரு சின்ன பிராக்கெட்டுக்குத் தனி என்று நூற்றுக்கணக்கில் விவரப் படங்கள் இருக்கும். எல்லாம் கையால் வரைந்தவை. அளவுகள் எல்லாம் அடி, அங்குலம், அங்குலத்தின் பின்னங்களில் இருக்கும்.

இதில் முதல் சிக்கல், படம் நமக்காக வரையப்படவில்லை. அதே பணிமனையில் இருபது, முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபிட்டருக்காக வரையப்பட்டது. அவருக்குத் தெரிந்ததைப் படத்தில் எழுத மாட்டார்கள். நம்ம வீட்டு சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று இருக்குமே, அதே கதைதான். அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதும். முதல் முறை சமைக்கிறவருக்குப் போதாது.

இரண்டாவது சிக்கல், பொருள். அந்தக் காலத் தரக்குறியீட்டில் இன்ன எஃகு என்று படத்தில் போட்டிருக்கும். அந்தக் கலவை இன்று சந்தையில் இருக்காது. அதற்கு இணையான இன்றைய எஃகு எது, அது அதே சுமையைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல், திருத்தங்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு குழாய் இடிக்கிறது என்று ஷெட்டில் வளைத்திருப்பார்கள். அது படத்தில் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருந்திருக்கலாம்.

அப்போ 3டி மாடல் எதற்கு?

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. ஸ்கேன் செய்த படத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாகத்தையும் திரையில் முப்பரிமாணத்தில் வடிக்கிறார்கள். 'ஸ்கேன் பண்ணினா கம்ப்யூட்டரே மாடலா மாத்திடாதா?' என்று தோன்றலாம். மாற்றாது. ஸ்கேன் என்பது வெறும் போட்டோதான். எந்தக் கோடு விளிம்பு, எந்தக் கோடு உள்ளே மறைந்திருக்கும் துளை, எந்த அளவு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று ஒரு பொறியாளர் உட்கார்ந்து படித்துத்தான் வடிக்க வேண்டும்.

அப்படி வடிக்கும்போதே தப்புகள் வெளியே வரும். ஒரு படத்தில் துளைக்கு ஓர் இடம், அதில் சேர வேண்டிய பாகத்தின் படத்தில் வேறோர் இடம் என்று இருந்தால், காகிதத்தில் யாருக்கும் தெரியாது. திரையில் இரண்டையும் சேர்த்து வைத்தால் உடனே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் இதைப் பணிமனையில், கையில் அரத்தோடு நின்றவர்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தார்.

மாடலால் வேறு சில லாபங்களும் உண்டு:

• பாகங்களை ஓடவிட்டுப் பார்க்கலாம். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது எந்தக் கம்பி எங்கே இடிக்கும் என்று இரும்பை வெட்டும் முன்பே தெரியும்.

• வார்ப்புக்கான அச்சை நேரடியாக சிஎன்சி மெஷினில் கடையலாம். முன்பு மரத்தில் கையால் செதுக்குவார்கள். எஃகு ஆறும்போது சுருங்கும், அதற்கும் சேர்த்து மாடலிலேயே அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

• இன்றைய ரயில் பாதையில் பயணிகளை ஏற்றி ஓட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு முக்கியப் பாகமும் பாதுகாப்பானது என்று கணக்கோடு நிரூபிக்க வேண்டும். 'தாத்தா காலத்தில் ஓடியது' என்பது சான்றிதழ் ஆகாது.

இந்தக் கடைசி விஷயம்தான் இரண்டாவது எஞ்சினின் கதையைத் தீர்மானிக்கிறது.

விவகாரமான எஞ்சின்: பி2

நைஜல் கிரெஸ்லி. ரயில் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. 1938-ல் மணிக்கு 126 மைல் (203 கி.மீ.) வேகத்தைத் தொட்டு, நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த 'மாலார்ட்' இவருடைய வடிவமைப்புதான்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1934-ல், கிரெஸ்லி வேறொரு பெரிய எஞ்சினைச் செய்தார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ - அபர்டீன் பாதை ஏற்றமும் வளைவும் நிறைந்தது. கனமான ரயில்களை இழுக்க இரண்டு எஞ்சின்களை மாட்ட வேண்டியிருந்தது. அதை ஒரே எஞ்சினால் இழுக்க முடிந்தால்? அதற்காகப் பிறந்ததுதான் 'பி2'. முன்னால் இரண்டு சின்ன சக்கரங்கள், நடுவில் எட்டு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு. பிரிட்டனில் பயணிகள் எக்ஸ்பிரஸ் ரயிலுக்காகச் செய்யப்பட்டவற்றில் அதிக சக்திவாய்ந்த எஞ்சின் என்று பெயர் வாங்கியது.

1934 முதல் 1936 வரை மொத்தம் ஆறு செய்தார்கள். எண்கள் 2001 முதல் 2006 வரை. முதல் எஞ்சினான 'காக் ஓ த நார்த்', சோதனைக்காக பிரான்ஸ் வரை போய் வந்தது.

ஆனால், பிரச்சினைகளும் கூடவே வந்தன. கரி அதிகம் தின்றது. முதல் எஞ்சினில் வைத்த புதுவகை வால்வு அமைப்பின் கேம்கள் சீக்கிரம் தேய்ந்தன. எல்லாவற்றையும்விட மோசம், எஞ்சினின் கிராங்க் அச்சு உடைந்த சம்பவங்கள்.

1941-ல் கிரெஸ்லி இறந்தார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் எட்வர்ட் தாம்சன். போர்க்காலம், பராமரிக்க ஆள் இல்லை, தொந்தரவு கொடுக்கும் ஆறு எஞ்சின்கள். அவர் 1943, 1944-ல் ஆறையும் வேறு வகையாக மாற்றிக் கட்டினார். 1961-க்குள் அவையும் உடைக்கப்பட்டன.

இங்கேதான் ரயில் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக ஒரு வாக்குவாதம். வடிவமைப்பே தப்பா? அல்லது, சரிசெய்ய அவகாசம் கொடுக்காமல் கைவிட்டுவிட்டார்களா? ஓடிக் காட்ட ஓர் எஞ்சின்கூட இல்லாததால், இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

டொர்னேடோவைக் கட்டிய அதே டிரஸ்ட், இப்போது இங்கிலாந்தின் டார்லிங்டனில் ஏழாவது பி2-வைக் கட்டிவருகிறது. பெயர் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்'. எண் என்னவென்று யூகித்திருப்பீர்கள்: 2007.

அச்சு ஏன் உடைந்தது?

பி2-வுக்கு மூன்று சிலிண்டர்கள். இரண்டு பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நடு சிலிண்டர் சக்கரத்தைச் சுற்ற வேண்டுமென்றால், சக்கரங்களுக்கு நடுவே போகும் அச்சு நேராக இருக்க முடியாது. சைக்கிள் பெடல் மாதிரி நடுவில் மடங்கியிருக்க வேண்டும். இதுதான் கிராங்க் அச்சு. இதை ஒரே துண்டாகச் செய்யவில்லை. தனித்தனி துண்டுகளை இறுக்கிப் பொருத்தி, அவை ஒன்றின் மேல் ஒன்று சுழன்றுவிடாமல் இருக்க, நடுவே ஒரு பள்ளம் வெட்டி ஆப்பு அடித்தார்கள். நம்ம ஊர் லேத் பட்டறையில் இந்தப் பள்ளத்தை 'கீவே' என்பார்கள்.

சிக்கல் அந்தப் பள்ளத்தில்தான்.

ஷாம்பூ சாஷேயை யோசித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் சட்டென்று கிழியும். வெட்டு இல்லாத இடத்தில் பல்லால் கடித்தாலும் வராது. காரணம், இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிகிறது. எஃகிலும் இதேதான். கூர்மையான மூலை இருக்கும் பள்ளத்தில் அழுத்தம் குவியும்.

ஒரே தடவையில் உடையாது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று விடுமே, அதைப்போல. பி2-வின் பெரிய சக்கரம் 6 அடி 2 அங்குல விட்டம். ஒரு கி.மீ. ஓட சுமார் 170 சுற்று. எடின்பரோவிலிருந்து அபர்டீன் சுமார் 210 கி.மீ. அப்படியென்றால் ஒருமுறை போவதற்குள் அச்சு 35,000 தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளத்தின் மூலை ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அமுங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று மெதுவாக உள்ளே நகரும்.

1930-களின் பொறியாளர்களுக்கு இது புரியாதா? உலோகம் களைத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால், இவ்வளவு சிக்கலான வடிவத்துக்குள் எந்தப் புள்ளியில் எவ்வளவு அழுத்தம் என்று கையால் கணக்குப் போட வழியில்லை. இன்று அதற்கு 'ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. பெரிய கோலத்தை முதலில் புள்ளிகளாக வைப்பதுபோல, 3டி மாடலைப் பல ஆயிரம் சின்னச் சின்ன துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். அழுத்தம் குவியும் இடம் திரையில் சிவப்பாகத் தெரியும்.

பி2 அச்சின் பழைய வடிவத்தை இப்படிச் சோதித்தபோது கவனம் கீவே மீதுதான் போய் நின்றது. அதனால் 2007-க்கான புதிய அச்சில் கீவேயே கிடையாது. துண்டுகளை இறுக்கமான பொருத்தத்தாலேயே பிடித்து நிறுத்தும் வடிவத்துக்குப் போய்விட்டார்கள்.

வளைவில் என்ன ஆகும்?

எஞ்சினின் முன்னால் இருக்கும் இரண்டு சின்ன சக்கரங்கள் அலங்காரத்துக்கு இல்லை. வளைவு வரும்போது எஞ்சினின் மூக்கைப் பிடித்துத் திருப்புவது அவைதான். பழைய பி2-வில் அந்தச் சக்கரத் தொகுதி ஊஞ்சல் மாதிரித் தொங்கும் இணைப்புகளில் இருந்தது. கிரெஸ்லியின் இன்னொரு வகையான 'வி2' எஞ்சின்களிலும் இதே ஏற்பாடுதான். அங்கே தடம்புரளல்கள் நடந்த பிறகு, ஸ்பிரிங் வைத்த அமைப்புக்கு மாற்றினார்கள். அதற்குள் பி2-க்கள் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டன. அந்தப் பாடத்தின் பலன் அவற்றுக்குக் கிடைக்கவே இல்லை.

2007-க்கு வடிவமைப்பாளர்கள், ரயில் பெட்டிகளின் ஓட்டத்தைச் சோதிக்கும் 'வேம்பயர்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். மாடல் எஞ்சினைத் திரையில் ஒரு பாதையில் ஓடவிட்டு, எந்தச் சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று பார்ப்பது இதன் வேலை. முடிவில் ஸ்பிரிங் வகைதான் தேர்வானது.

மாற்றிவிட்டால் அது அதே எஞ்சினா?

நியாயமான கேள்வி. மாற்றங்கள் இரண்டோடு நிற்கவில்லை. பழைய பி2-வின் சிலிண்டர் தொகுதி வார்ப்பு. புதியது எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து உருவாக்கியது. பழைய கொதிகலனின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 220 பவுண்ட். புதியதில் 250. காரணம், டொர்னேடோவின் கொதிகலனும் இதுவும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளும் வகையில் செய்யப்படுகின்றன.

டொர்னேடோவிலும் இப்படித்தான். கரி எரியும் பெட்டி பழைய ஏ1-ல் செம்பு, இதில் எஃகு. ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங். பாதைக்கு மேல் இன்று மின்கம்பிகள் போவதால் உயரத்தில் ஓர் அங்குலம் குறைத்தார்கள்.

இதைப் பார்த்து 'இது ஒரிஜினல் இல்லை' என்பவர்களும் உண்டு. ஆனால், ஒன்றை யோசிக்க வேண்டும். கிரெஸ்லியின் காலத்திலேயே ஆறு பி2-க்களும் ஒரே மாதிரி இல்லை. இரண்டாவது எஞ்சினிலேயே வால்வு அமைப்பை மாற்றிவிட்டார். முதல் எஞ்சினை 1938-ல் திருத்திக் கட்டினார்கள். அதாவது, படம் என்பது முடிந்துபோன தீர்ப்பு இல்லை. அந்தத் தேதி வரை அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேலை பாதியில் நின்றுபோனது. அதை இப்போது தொடர்கிறார்கள்.

அதோடு, இது மியூசியத்தில் நிற்கப்போகும் எஞ்சின் இல்லை. பின்னால் நூற்றுக்கணக்கான பயணிகள் இருப்பார்கள். உடையும் என்று தெரிந்த அச்சை 'வரலாற்று உண்மைக்காக' மாட்ட முடியுமா?

கம்ப்யூட்டரால் செய்ய முடியாதது

மாடல் இருந்தால் எஞ்சின் வந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. டொர்னேடோவைக் கட்டும்போது கொதிகலன் செய்ய பிரிட்டனில் ஆள் கிடைக்கவில்லை. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்த நாட்டில், அவ்வளவு பெரிய எஞ்சின் கொதிகலன் செய்யும் பணிமனை மிச்சமில்லை. கடைசியில் ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் செய்து 2006-ல் கொண்டுவந்தார்கள். பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் இருக்கும் அந்தப் பணிமனை, இந்த வேலையை விடாமல் செய்துவந்ததால்தான் அந்தத் திறமை உயிரோடு இருந்தது. பி2-வின் கொதிகலனும் அங்கிருந்துதான்.

படம் தொலையாமல் இருந்தது. கைத்தொழில்தான் தொலைந்துபோனது. படத்தை ஸ்கேன் செய்து சர்வரில் வைக்கலாம். ஒரு கொதிகலன்காரரின் கையை எங்கே ஸ்கேன் செய்வது?

நம்ம ஊரில்?

இந்த விஷயத்தில் நமக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலை இழுக்கும் 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின்கள், முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பல் தண்டவாளத்தில் ஏறும் எஞ்சின் என்பதால், வேறு எதையும் அந்த இடத்தில் மாட்டிவிட முடியாது. பழைய எஞ்சின்களுக்கு வயதானபோது, திருச்சி பொன்மலை பணிமனையில் அதே வகையில் புதிய எஞ்சின்களைச் செய்தார்கள். அதுவும் இந்த நூற்றாண்டில். கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி மாற்றியும் செய்தார்கள்.

அங்கேயும் பாடம் அதேதான். எஞ்சினைப் பொன்மலை மறுபடி செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்த எஞ்சின்கள் மலையில் ஓடிக்கொண்டே இருந்தன. பழுது பார்க்கும் கைகளும் இருந்தன. பி2-வுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதனால்தான் அங்கே கம்ப்யூட்டருக்கு இவ்வளவு வேலை.

ஆக, என்ன புரிந்துகொள்ளலாம்?

பழைய எஞ்சினை மறுபடி செய்வது போட்டோகாப்பி எடுக்கிற வேலை இல்லை. படம், செய்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்லும். 3டி மாடல், அவர்களால் பார்க்க முடியாமல் போனதைக் காட்டும். பட்டறைக் கைகள், இரண்டிலும் எழுதாமல் விட்டதை நிரப்பும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் நகராது.

கிரெஸ்லி சரியா, தாம்சன் சரியா என்ற அந்தப் பழைய வாக்குவாதத்துக்குத் திரையில் பாதி பதில்தான் கிடைத்திருக்கிறது. மீதிப் பதில், 2007 ஒரு கனமான ரயிலை மாட்டிக்கொண்டு அபர்டீன் பாதையின் ஏற்றத்தில் ஏறும் அன்றைக்குத்தான் தெரியும்.